ஊதா மூடியில் சிடி41 விழுகிறது, நீல மூடியில் விழவில்லை: ஈடிடிஏ, கால்சியம், தட்டணு ஏற்பிகள்

மெல்லிய_ஊசி

ஒரே கையில் ஒரே குத்தில் எடுத்த இரத்தம், இரண்டு ட்யூப். ஊதா மூடியில் டைபொட்டாசியம் ஈடிடிஏ, நீல மூடியில் 3.2% சிட்ரேட்; இரண்டும் கால்சியத்தைப் பிடித்து உறைதலைத் தடுப்பவை. ஃப்ளோவில் (ஒளிரும் ஆன்டிபாடி ஒட்டிச் செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில்) சிடி42பி (ஜிபி 1பி ஏற்பி) இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்கிறது. ஆனால் சிடி41 (ஜிபி 2பி/3ஏ ஏற்பியின் ஆல்ஃபா 2பி சங்கிலி), ஊதாவில் நீலத்தில் இருப்பதில் பாதிகூட இல்லை. சிடி41க்குப் போட்ட ஆன்டிபாடியின் குளோன் பி2. சிடி61 (அதே ஏற்பியின் பீட்டா 3 சங்கிலி) லேசாக இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

சாம்பிள், கிளான்ஸ்மான் (இந்த ஏற்பி பிறவியிலேயே குறைந்த இரத்தக்கசிவு நோய்) நோயாளி ஒருவரின் அண்ணனுடையது. கேரியரா (பழுதான மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உள்ளவரா) என்று பார்க்க வந்தது. ஊதாவை மட்டும் ஓட்டியிருந்தால் கேரியர் என்று எழுதிவிடத் தோன்றும். தட்டணு எண்ணிக்கையில் கொத்து இருக்கிறது என்று கருவி கொடி காட்டியதால் ஊதா ட்யூபை இரண்டு மணி நேரம் 37 டிகிரியில் வைத்திருந்தார்கள். நீல ட்யூப் மேசையிலேயே இருந்தது.

எந்த எண்ணை நம்புவது? ஊதாவில் கால்சியம் சேர்த்தால் சரியாகுமா?

ஃப்ளோக்காரன்

37 டிகிரி என்று எழுதினீங்களே, விடை அங்கேயே இருக்கு. நீல ட்யூபை நம்புங்க. ஊதாவைத் தூக்கிப் போடுங்க.

இன்னொன்று. கேரியர் என்றால் சிடி41, சிடி61 இரண்டும் சேர்ந்துதான் இறங்கணும். இரண்டு சங்கிலியும் செல்லுக்குள்ளேயே ஜோடி சேர்ந்தால்தான் மேற்பரப்புக்கு வரும். ஒன்று குறைந்தால் மற்றதும் குறையும். ஒன்று விழுந்து மற்றது நிற்குதுன்னா அது மரபணு வேலை இல்லை, ட்யூப் வேலை. பி2 இரண்டு சங்கிலியும் சேர்ந்திருக்கும்போது மட்டும் ஒட்டுற குளோன். ஜோடி பிரிஞ்சா அதுக்குப் பிடிமானம் கிடையாது. உங்க சிடி61 குளோன் பீட்டா 3 தனியா இருந்தாலும் ஒட்டுற வகையா இருக்கும்.

பஃபர்பாட்டி

ஃப்ளோக்காரன் சொன்னது சரி. ஏன் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். "ஈடிடிஏ கால்சியத்தை எடுத்துவிடும்" என்ற ஒற்றை வரியில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்துவிடுகின்றன.

ஜிபி 2பி/3ஏ என்பது ஆல்ஃபா 2பி, பீட்டா 3 என்ற இரண்டு சங்கிலிகள். ஓய்வில் இருக்கும் ஒரு தட்டணுவின் மேல் 50,000 முதல் 80,000 வரை இருக்கும். ஆல்ஃபா 2பியின் தலை, ஏழு இதழ் கொண்ட காற்றாடி போன்றது. அதன் அடிப்புறத்து வளையங்களில் நான்கு கால்சியம் அயனிகள் உட்கார்ந்திருக்கின்றன. பீட்டா 3 பக்கம் மூன்று உலோக இடங்கள் அடுத்தடுத்து. நடுவில் உள்ளது மிடாஸ். ஃபைப்ரினோஜன் (தட்டணுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் பிளாஸ்மாப் புரதம்) வந்து பிடிப்பது அங்கே இருக்கும் மெக்னீசியத்தைத்தான். அதன் இருபுறமும் கால்சியம் அமரும் இடங்கள். அதில் ஒன்று, அட்மிடாஸ் என்பது, கால்சியம் நிறைந்திருக்கும்போது ஏற்பியை மூடிய நிலையில் இருத்தும் பூட்டு.

ஆகவே கால்சியத்துக்கு இரண்டு வேலை. ஒன்று, ஜோடியைக் கட்டி வைப்பது. இதற்கு மைக்ரோமோலார் அளவே போதும். இரண்டாவது, ஏற்பி எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்பதைக் கட்டுப்படுத்துவது. இது மில்லிமோலார் அளவில் நடக்கும் விளையாட்டு. ஈடிடிஏ முதல் வேலையையே கெடுக்கிறது. சிட்ரேட் முதலாவதை விட்டுவைத்து இரண்டாவதை மட்டும் மாற்றுகிறது.

கணக்கைப் பாருங்கள். ஊதா ட்யூபில் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்துக்கு ஏறத்தாழ 1.8 மில்லிகிராம் ஈடிடிஏ, அதாவது 4.5 மில்லிமோலார். அது செல்லுக்குள் போகாது. ஹீமடோக்ரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 45 என்றால் பிளாஸ்மாவில் 8 மில்லிமோலாருக்குப் பக்கம். பிளாஸ்மாவின் மொத்தக் கால்சியம் 2.2 முதல் 2.6, மெக்னீசியம் 1க்குள். எல்லாவற்றையும் பிடித்துக்கொண்ட பிறகும் ஈடிடிஏயில் பாதிக்கு மேல் வேலையில்லாமல் கிடக்கும். தனித்திருக்கும் கால்சியம் நானோமோலாருக்கு இறங்கிவிடும். ட்யூபைப் பாதி மட்டும் நிரப்பினால் இன்னும் மோசம்.

நீல ட்யூபில் 0.109 மோலார் சிட்ரேட், ஒன்றுக்கு ஒன்பது. இரத்தத்தில் 10.9, பிளாஸ்மாவில் 18 மில்லிமோலார் வரை. எண் பெரிதாகத் தெரியும், ஆனால் பிடி தளர்ந்தது. அயனிக் கால்சியம் 1.2 மில்லிமோலாரிலிருந்து 50 மைக்ரோமோலார் சுற்றுக்கு இறங்கி நிற்கும். உறைதல் நிற்க அது போதும். ஜோடி பிரிய அது போதாது.

வெப்பநிலை ஏன் முக்கியம் என்றால், கால்சியம் போன பிறகும் அறை வெப்பத்தில் இரண்டு சங்கிலிகளும் பெரும்பாலும் பிரியாமல் இருக்கும். 37 டிகிரிக்கு ஏற்றினால்தான் கழன்றுகொள்ளும். பிஎச் 8க்குப் போனால் இன்னும் வேகம். 1978இல் ஜக்கரும் கிராண்டும் காட்டியது இதைத்தான்: கால்சியமில்லாமல் 37 டிகிரியில் வைத்த தட்டணு, பிறகு கால்சியம் கொடுத்தாலும் ஒன்றோடொன்று சேராது.

மெல்லிய_ஊசி

> பிறகு கால்சியம் கொடுத்தாலும்

பாட்டி, இந்த இடம்தான் புரியவில்லை. கால்சியம் திரும்ப வந்தால் ஜோடியும் திரும்பச் சேரவேண்டியதுதானே?

பஃபர்பாட்டி

பிரிந்த உடனே கொடுத்தால் ஓரளவு சேரும். நேரம் போனால் சேராது. தனியான சங்கிலிகள் சும்மா இருப்பதில்லை. தன் இனத்தோடு தானே ஒட்டித் திரள ஆரம்பித்துவிடும். பாலிலிருந்து பிரிந்த திரளை மறுபடி பாலாக்க முடியாததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சாம்பிளிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. சாயமேற்றும்போது 5 மைக்ரோலிட்டர் இரத்தத்தை 50 மைக்ரோலிட்டர் பஃபரில் விட்டிருப்பீர்கள். ஈடிடிஏ 4.5இலிருந்து 0.4 மில்லிமோலாருக்கு நீர்த்துவிட்டது. பஃபரில் 2 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு இருந்திருந்தால் ஈடிடிஏயை நிறைத்தபின்னும் 1.5க்கு மேல் மிஞ்சும். அதாவது கால்சியம் ஏற்கெனவே திரும்ப வந்துவிட்டது. அப்படியும் சிடி41 எழவில்லை என்றால் சேதம் அதற்கு முன்பே, இன்குபேட்டரில் நடந்து முடிந்துவிட்டது.

பஃபரில் கால்சியம் போட்டீர்களா?

மெல்லிய_ஊசி

ஆமாம், 2 மில்லிமோலார். சிட்ரேட், ஈடிடிஏ இரண்டுக்கும் அதே பஃபர்.

பஃபர்பாட்டி

அப்படியானால் கேள்வி முடிந்தது.

கண்ணாடித்தகடு

குறுக்கிடுகிறேன். 37 டிகிரியில் வைக்கச் சொன்னது தவறான ஆலோசனை இல்லை. வேறு சோதனைக்கான ஆலோசனை.

ஈடிடிஏவால் வரும் போலிக் குறைவு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு உண்டு. சிலருடைய இரத்தத்தில், ஈடிடிஏயில் உருமாறிய ஆல்ஃபா 2பிமேல் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடி இருக்கும். உடம்புக்குள் அந்த இடம் மறைந்திருக்கிறது. அதனால் அவருக்கு ஒரு கேடும் இல்லை. ட்யூபுக்குள் கால்சியம் போனதும் மறைவு விலகி, தட்டணுக்கள் கொத்தாகின்றன. கருவி கொத்தை எண்ணாது, சில நேரம் வெள்ளணு என்றே எண்ணிவிடும். இந்த ஆன்டிபாடிகளில் பல குளிரில் ஒட்டுபவை. அதனால்தான் சூட்டில் வைத்து எண்ணுவது. கிளான்ஸ்மான் நோயாளியின் தட்டணுவோடு இந்தச் சீரத்தைக் கலந்தால் கொத்து வராது. ஒட்ட ஏற்பியே இல்லை.

முறை: ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் இழுத்த இரத்தப் படலம்) போட்டு இறகு முனையையும் இரு ஓரங்களையும் பாருங்கள், கொத்து அங்கேதான் போய்ச் சேரும். இருந்தால் நீல மூடியில் மறுபடி எடுத்து, வந்த எண்ணை 1.1ஆல் பெருக்குங்கள், சிட்ரேட் நீர்த்ததற்காக. சிலருக்குச் சிட்ரேட்டிலும் கொத்தும். அவர்களுக்கு மெக்னீசியம் சல்ஃபேட் ட்யூப் உதவும்.

எண்ணிக்கைக்காகச் சூடாக்கிய ட்யூபை ஏற்பி அளக்க அனுப்பக் கூடாது. அவ்வளவே.

ஃப்ளோக்காரன்

கொத்தைக் கலைக்கிற சூடே ஏற்பியையும் கலைக்குது. ரொம்ப நல்லா இருக்கு.

சிவப்பணு

இங்கே எல்லோரும் ஈடிடிஏயை வில்லனாக்கிவிட்டீர்கள். தட்டணு எண்ணிக்கைக்கு உலக அளவில் ஒப்புக்கொண்ட ஒப்பீட்டுத் தர முறையே ஈடிடிஏ இரத்தத்தில் சிடி41, சிடி61 ஆன்டிபாடி போட்டு ஃப்ளோவில் சிவப்பணுவோடு விகிதம் பார்ப்பதுதான். 2001இலிருந்து இருக்கிறது. ஈடிடிஏ இவ்வளவு கெடுதல் என்றால் அது எப்படி நடக்கும்?

பஃபர்பாட்டி

நியாயமான கேள்வி. மூன்று காரணம். அறை வெப்பத்தில், எடுத்த நான்கு மணி நேரத்துக்குள் செய்வது. இரண்டு ஆன்டிபாடியும் சேர்த்தே போடுவது. எல்லாவற்றுக்கும் மேல், அங்கே கேட்பது "இது தட்டணுவா, இல்லையா" என்ற ஒரே கேள்வி. 80,000 ஏற்பி இருந்தாலும் 40,000 இருந்தாலும் அது தட்டணுதான்; கோட்டுக்கு வலப்பக்கம் விழும். "எத்தனை ஏற்பி" என்று கேட்கும்போதுதான் ட்யூப் பொய் சொல்லும்.

ஈடிடிஏ வில்லன் இல்லை. நேரம், சூடு, பிஎச் மூன்றும் சேர்ந்தால்தான் கெடுதல்.

சிவப்பணு

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ட்யூபில் ஊறும்போது தட்டணு உருண்டையாகி உப்புவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் ஓரிரு மணி நேரத்திலேயே சராசரிக் கனஅளவு ஏறுகிறது. ஃபார்வர்டு ஸ்கேட்டர் (செல்லின் பருமனைக் காட்டும் ஒளிச்சிதறல்) நகரும், பழைய கேட் (தட்டணு என்று வரைந்த எல்லை) பொருந்தாது.

ஆய்வக_அணில்

நான் பேக்-1 போடப்போகிறேன். ஈடிடிஏ கூடாது என்று இப்போது தெரிகிறது. சிட்ரேட்டிலிருந்து ஆரம்பித்து எப்படிச் செய்வது என்று யாராவது படிப்படியாகச் சொல்ல முடியுமா சார்?

ஃப்ளோக்காரன்

பேக்-1 விழிச்ச ஜிபி 2பி/3ஏ ஏற்பியை மட்டும் பிடிக்கிற ஐஜிஎம் ஆன்டிபாடி. ஃபைப்ரினோஜன் உட்காருற இடத்துலதான் அதுவும் உட்காரும். அதனால அதுக்கும் மிடாஸில் உலோகம் வேணும். ஈடிடிஏ போட்டா அது ஒட்டாது; அதனாலேயே ஈடிடிஏ ஒரு வெற்றுக் கட்டுப்பாடா உதவும்.

எடுக்கும்போது: 21 கேஜ் ஊசி. பட்டையை இறுக்கி ரொம்ப நேரம் விடாதீங்க. முதல் 2–3 மில்லி வேற ட்யூபுக்கு. நீல மூடியைக் கோடு வரை நிரப்பி, நாலஞ்சு தடவை மெதுவா கவிழ்த்து நிமிர்த்தணும், குலுக்கக் கூடாது. காற்றுக்குழாய்ல அனுப்பாதீங்க, கையில கொண்டுவாங்க. பிரிட்ஜ் கிட்டயே போகாதீங்க; குளிர்பட்டா தட்டணு உருவம் மாறிடும். அரை மணிக்குள்ள சாயம் ஏத்திடுங்க.

பஃபர்: ஹெப்பீஸ்-டைரோட். சோடியம் குளோரைடு 137 மில்லிமோலார், பொட்டாசியம் குளோரைடு 2.7, பைகார்பனேட் 12, டைசோடியம் பாஸ்ஃபேட் 0.4, ஹெப்பீஸ் 10, குளுக்கோஸ் 5.5, மெக்னீசியம் குளோரைடு 1, ஆல்புமின் 0.35%. பிஎச் 7.4. அன்னன்னிக்கே ஆல்புமினும் குளுக்கோஸும் சேருங்க.

ட்யூபில்: முதல்ல 50 மைக்ரோலிட்டர் பஃபர், அதுல பேக்-1, சிடி42ஏ (தட்டணுவை அடையாளம் காட்ட), தூண்டி (தட்டணுவை எழுப்புற பொருள்). ஏடிபின்னா 10 அல்லது 20 மைக்ரோமோலார். த்ராப்-6ன்னா அதே சுற்று. கடைசியா 5 மைக்ரோலிட்டர் இரத்தம். டிப்போட வெளிப்பக்கத்தை டிஷ்யூல துடைச்சுட்டு விடுங்க; வெளியே ஒட்டின ஒரு துளி இன்னொரு மைக்ரோலிட்டர், உங்க எண்ணே மாறிடும். ஒரு தட்டு, போதும். வோர்டெக்ஸ் கூடாது, பிப்பெட்டால மேல கீழ இழுக்கவும் கூடாது. அசைச்சா தட்டணு ஒன்னோட ஒன்னு மோதி ஒட்டும். நீங்க பார்க்க வேண்டியது தனித்தனித் தட்டணு. 15–20 நிமிஷம் இருட்டுல, அறை வெப்பத்துல. பிறகு ஒரு மில்லி குளிர்ந்த பஃபர் விட்டு உடனே ஓட்டுங்க.

சிடி62பி (தூண்டின தட்டணு மேல வர்ற பி-செலக்டின்) மட்டும்னா 1% பாராஃபார்மால்டிஹைடு போட்டு நிறுத்தி அப்புறம் ஓட்டலாம். பேக்-1க்கு முன்னாடியே ஃபிக்ஸ் பண்ணிட்டா ஏற்பி அசையாது, ஒட்டாது. அதுல நிறையப் பேர் விழறாங்க.

கட்டுப்பாடு மூணு: தூண்டாதது; தூண்டினது; தூண்டி கூடவே எப்டிஃபிபடைட் அல்லது 1 மில்லிமோலார் ஆர்ஜிடிஎஸ். மூணாவது ஈடிடிஏ கட்டுப்பாட்டைவிட நல்லது. அது ஏற்பியைப் பிரிக்காம வாசலை மட்டும் அடைக்குது.

ஆய்வக_அணில்

நன்றி சார். பஃபரில் கால்சியம் போட வேண்டுமா, வேண்டாமா? மேலே பாட்டி 2 மில்லிமோலார் என்றார், உங்கள் பட்டியலில் இல்லை.

ஃப்ளோக்காரன்

வேணும்னேதான் விட்டேன். கால்சியம் போட்டா சிட்ரேட்டோட பாதுகாப்பு போயிடும். இரத்தம் பத்துமடங்கு நீர்த்திருந்தாலும் த்ராம்பின் (உறைய வைக்கிற என்சைம்) பிறக்கும், ஃபைப்ரின் இழை ஓடும். ஏடிபி போட்ட ட்யூபுல கொஞ்சம் தப்பிக்கலாம்; கொலாஜன், த்ராம்பின்னா கட்டியாகும். கால்சியம் வேணும்னா ஜிபிஆர்பி பெப்டைடு 1–2.5 மில்லிமோலார் சேருங்க, ஃபைப்ரின் கோர்க்காது. இல்லைன்னா முதல்லயே ஹிருடின்ல (த்ராம்பினை நேரா அடைக்கிற உறைதடுப்பி) எடுங்க. எண்ணிக்கை மட்டும் பார்க்கிற சிடி41, சிடி42பி-க்கு 15 நிமிஷத்துல ஃபிக்ஸ் பண்றதால பாட்டி சொன்ன 2 மில்லிமோலார் ஓடும்.

எதைப் போட்டாலும் ஒரே வேலைக்கு ஒரே பஃபர். இன்னைக்கு கால்சியத்தோட, நாளைக்கு இல்லாமன்னு செஞ்சா ரெண்டு நாள் எண்ணையும் பக்கத்துல வைக்க முடியாது.

பஃபர்பாட்டி

ஒரு துணை எச்சரிக்கை. கால்சியத்தை ஹெப்பீஸ் பஃபரில் போடுங்கள், சாதாரண பாஸ்ஃபேட் பஃபரில் போடாதீர்கள். 10 மில்லிமோலார் பாஸ்ஃபேட்டில் 2 மில்லிமோலார் கால்சியம் விட்டு இரவு வைத்தால் கால்சியம் பாஸ்ஃபேட் தூசியாகப் படியும். கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கும். ஃப்ளோவில் தட்டணுவும் அதைவிடச் சிறியவையும் விழும் மூலையில் ஒரு மேகமாக வந்து உட்காரும். நுண்துகள் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டு இருப்பீர்கள். வெறும் பஃபரை மட்டும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

பைகார்பனேட் உள்ள பஃபரைத் திறந்து வைத்தால் கரியமில வாயு போய் பிஎச் ஏறும். பிளாஸ்மாவுக்கும் அதே கதி. ஈடிடிஏ ட்யூபை மூடி திறந்து 37 டிகிரியில் வைத்தால் சூடும் காரமும் சேர்ந்தே வந்துவிடும்.

மருந்தியல்_மணி

சிட்ரேட்டை நல்லவன் பட்டியலில் வைத்துவிட்டீர்கள். எப்டிஃபிபடைட் கதை தெரிந்தவர்கள் அப்படி வைக்க மாட்டார்கள்.

அந்த மருந்து ஜிபி 2பி/3ஏயின் வாசலை அடைப்பது. ஆரம்ப காலத்தில் அதற்கு டோஸ் குறித்தபோது சிட்ரேட் இரத்தத்தில் தட்டணு சேர்வது எவ்வளவு தடைபடுகிறது என்று பார்த்துத்தான் குறித்தார்கள். பாட்டி சொன்ன பூட்டு நினைவிருக்கிறதா? கால்சியம் இறங்கினால் பூட்டு தளர்ந்து, ஏற்பி மருந்தை இறுக்கமாகப் பிடிக்கும். ட்யூபில் மருந்து பலமாகத் தெரியும். உடம்பில் அயனிக் கால்சியம் 1.2, அங்கே அதே அளவு மருந்து அவ்வளவு வேலை செய்யாது.

1997இல் வெளிவந்த இம்பாக்ட்-2 சோதனையில் 4,010 நோயாளிகள். கிலோவுக்கு 135 மைக்ரோகிராம் ஒரே தள்ளாக, பிறகு நிமிடத்துக்கு 0.5 அல்லது 0.75. பலன் எதிர்பார்த்த அளவு தெளிவாக வரவில்லை. அதே ஆண்டு ஃபிலிப்ஸ் குழு, கால்சியத்தைத் தொடாத பிபேக் என்ற உறைதடுப்பியில் எடுத்த இரத்தத்தையும் சிட்ரேட் இரத்தத்தையும் ஒப்பிட்டு, சிட்ரேட் மருந்தின் வலிமையைக் கூட்டிக் காட்டுகிறது என்று வெளியிட்டது. 1998இன் பர்சூட் சோதனையில் 180, நிமிடத்துக்கு 2.0. 2000இன் எஸ்ப்ரிட்டில் 180ஐப் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை, கூடவே 2.0. இன்றைக்கு ஸ்டென்ட் வைக்கும்போது கொடுக்கும் அளவு அதுதான்.

ஒரு ட்யூபின் மூடி நிறம் ஒரு மருந்தின் அளவை மாற்றியிருக்கிறது. ஏற்பியின் எண்ணிக்கை பார்க்கச் சிட்ரேட் சரி. பிடிக்கும் வலிமை பார்க்க வேண்டுமென்றால் கால்சியத்தைத் தொடாத உறைதடுப்பி வேண்டும்.

ஆய்வக_அணில்

அப்படியானால் ஹெப்பாரின் போடலாமா? பச்சை மூடி எல்லா இடத்திலும் கிடைக்கிறது. ஹிருடின் விலை அதிகம்.

மருந்தியல்_மணி

ஹெப்பாரின் கால்சியத்தைத் தொடாது, உண்மை. தட்டணுவைத் தொடும். பிரிக்கப்படாத ஹெப்பாரின் நேராக ஜிபி 2பி/3ஏயோடு ஒட்டி, சிறு தூண்டலுக்கே தட்டணு எழும்படி செய்கிறது, பி-செலக்டினோடும் ஒட்டுகிறது. தூண்டாத சாம்பிளிலேயே அடித்தளம் உயர்ந்து நிற்கலாம், கொத்தும் வரும்.

ஹிருடின் அல்லது பிபேக் த்ராம்பினை மட்டும் நேராக அடைப்பவை. பிபேக் என்றால் 75–80 மைக்ரோமோலார் வழக்கம். இரண்டிலும் த்ராம்பினைத் தூண்டியாகப் போட முடியாது. அதையே அல்லவா அடைத்து வைத்திருக்கிறீர்கள். அதற்குப் பதில் பார்-1ஐ (தட்டணுவின் த்ராம்பின் ஏற்பியை) நேராகத் தட்டும் த்ராப்-6. நேரமும் சிட்ரேட்டைவிடக் குறைவு, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முடியுங்கள்.

சிட்ரேட்டில் ஏடிபி போட்டு அக்ரிகோமீட்டரில் (தட்டணு திரள்வதை அளக்கும் கருவியில்) பார்க்கும் இரண்டாம் அலையையும் நினைவில் வையுங்கள். அது பெரும்பாலும் கால்சியம் குறைந்ததால் த்ராம்பாக்ஸேன் பிறந்து வரும் அலை. ஹிருடினில் அதே ஏடிபி அப்படிச் செய்யாது. அலை இல்லை என்பதற்காக ஹிருடின் சாம்பிளில் சுரப்புக் குறைபாடு என்று எழுதிவிடாதீர்கள்.

கண்ணாடித்தகடு

ஹீமடோக்ரிட் 55க்கு மேல் உள்ளவர்களுக்குச் சிட்ரேட்டைக் குறைக்க வேண்டும். பிளாஸ்மா குறைவு, அதே சிட்ரேட், கால்சியம் இன்னும் கீழே. கணக்கு: 0.00185 × (100 − ஹீமடோக்ரிட்) × இரத்த மில்லிலிட்டர். 60 ஹீமடோக்ரிட், 4.5 மில்லி என்றால் 0.33 மில்லி, 0.5 இல்லை. பிறவி இதயக்கோளாறில் நீலம் பாரித்த குழந்தைகளின் சாம்பிளில் இதை மறந்தால் எல்லா எண்ணும் தப்பு.

சிவப்பணு

மானோசைட்டோடு (ஒரு வகை வெள்ளணு) தட்டணு ஒட்டியிருப்பதை எண்ணுபவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அங்கே ஈடிடிஏ எப்படி?

ஃப்ளோக்காரன்

அங்க ஈடிடிஏ முழுசாவே கூடாது. தட்டணுவோட பி-செலக்டின், மானோசைட்டோட பிஎஸ்ஜிஎல்-1ஐப் பிடிக்கிறது கால்சியத்தாலதான். கால்சியம் போனா கை விட்டுடும். ஊதா ட்யூபுல "ஒட்டல் இல்லை"ன்னு வந்தா, உடம்புல இல்லைன்னு அர்த்தம் இல்லை, ட்யூபுல பிரிஞ்சுடுச்சுன்னுதான் அர்த்தம்.

ஆனா சிடி62பி ஆன்டிபாடி பெரும்பாலும் கால்சியம் இல்லாமலே ஒட்டும். அதனால ஒரே ஈடிடிஏ சாம்பிளுல சிடி62பி ஏறியிருக்கும், மானோசைட் ஒட்டல் இறங்கியிருக்கும். ரெண்டும் முரண்படுதேன்னு குழம்புவாங்க. முரண் இல்லை. அடித்தளச் சிடி62பி மட்டும் சுத்தமா பார்க்கணும்னா சிடிஏடி ட்யூப்: சிட்ரேட்டோட தியோஃபிலின், அடினோசின், டைபிரிடமோல். அது தட்டணுவைத் தூங்க வைக்கும், அதுல தூண்டிச் சோதனை செய்யாதீங்க.

மெல்லிய_ஊசி

முதல் பதிவில் சிடி42பி ஏன் இரண்டு ட்யூபிலும் மாறவில்லை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

பஃபர்பாட்டி

ஜிபி 1பி அமைப்பே வேறு. இன்டெக்ரின் இல்லை, உலோகத்தால் கட்டியதும் இல்லை. அதன் ஆல்ஃபா, பீட்டா சங்கிலிகளை டைசல்ஃபைடு தைத்து வைத்திருக்கிறது. வான் வில்லிபிராண்ட் காரணியை அது பிடிக்கவும் கால்சியம் வேண்டாம். ரிஸ்டோசெட்டின் (அந்தக் காரணியை ஜிபி 1பியோடு ஒட்டவைக்கும் பொருள்) போட்டால் ஈடிடிஏ பிளாஸ்மாவிலும், ஃபார்மலினில் நிறுத்திய தட்டணுவிலும்கூட திரளும். கிளான்ஸ்மான் தட்டணு ரிஸ்டோசெட்டினுக்கு மட்டும் பதில் சொல்வதும் இதனால்தான்.

கொலாஜன் ஏற்பிகள் இரண்டில் ஜிபி 6க்கும் உலோகம் தேவையில்லை. ஆல்ஃபா 2 பீட்டா 1 அப்படியில்லை. அதற்கு மெக்னீசியம் கட்டாயம், அதன் இடத்தைக் கால்சியம் நிரப்பாது. சிட்ரேட் மெக்னீசியத்தையும் பிடிக்கும் என்பதால் கொலாஜன் தகட்டில் ஒட்டும் சோதனைக்குத் தட்டணுவைக் கழுவி 1–2 மில்லிமோலார் மெக்னீசியம் கொடுங்கள்.

லைசேட் (செல்லை உடைத்த சாறு) எடுப்பவர்களுக்கு ஒன்று. இங்கே நியாயம் தலைகீழாகும். தட்டணுவை ட்ரைட்டனில் உடைத்ததும் உள்ளிருக்கும் கால்பெய்ன் என்ற புரதம் வெட்டும் என்சைம் வெளியே வரும். அதற்குக் கால்சியம் கிடைத்தால் ஜிபி 1பியின் வெளிப்பகுதியை வெட்டி கிளைக்கோகாலிசினாக விட்டுவிடும். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தைக் கண்டறியும் சோதனையில்) ஜிபி 1பியே காணோம் என்பீர்கள். ஆகவே அந்த லைசேட்டுக்கு 5–10 மில்லிமோலார் ஈடிடிஏ நல்லது. ஜிபி 2பி/3ஏயை ஜோடியாக இழுக்க வேண்டுமென்றால் அதே ஈடிடிஏ கெடுதல். அதற்கு 1 மில்லிமோலார் கால்சியத்தை வைத்துக்கொண்டு, வெட்டுதலை லியூப்பெப்டினால் நிறுத்துங்கள். ஒரே லைசேட்டில் இரண்டையும் செய்யப் பார்த்தால் இரண்டும் கிடைக்காது.

மெல்லிய_ஊசி

மறுபடி எடுத்து ஓட்டியாயிற்று. ஒரே நேரத்தில் நான்கு: சிட்ரேட் அறை வெப்பம், சிட்ரேட் 37 டிகிரி, ஈடிடிஏ அறை வெப்பம், ஈடிடிஏ 37 டிகிரி, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். சிடி41 முதல் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நான்காவதில் மட்டும் விழுந்தது. சிடி42பி நான்கிலும் நகரவில்லை. பக்கத்தில் ஓட்டிய சாதாரண ஆளுடைய இரத்தத்திலும் இதே வரிசை.

அண்ணனின் சிட்ரேட் எண், சாதாரண ஆளுடையதைவிடக் கொஞ்சம் கீழே. பாதி இல்லை. கேரியர் இல்லை என்று எழுதலாமா?

கண்ணாடித்தகடு

எழுதாதீர்கள். கேரியரின் எண்ணும் சாதாரண ஆளின் எண்ணும் ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதி பெரிது. "சிட்ரேட் சாம்பிளில் சிடி41, சிடி61 இரண்டும் சேர்ந்து குறையவில்லை, கேரியர் நிலையை இதைக்கொண்டு முடிவுசெய்ய இயலாது" என்று எழுதுங்கள். நோயாளியின் மரபணு மாற்றம் தெரிந்திருந்தால் அண்ணனுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் வரிசைப்படுத்தினால் போதும். இரண்டு மரபணுவும் 17ஆம் குரோமோசோமில்தான். நெருங்கிய உறவில் மணம் அதிகமுள்ள தென்னிந்தியக் குடும்பம் என்றால் நோயாளிக்கு இரண்டு பிரதியிலும் ஒரே மாற்றம் இருக்க வாய்ப்பு அதிகம், தேடுவது எளிது.

ட்யூப் வகை, வெப்பநிலை, எடுத்ததிலிருந்து சாயமேற்றியது வரை நேரம், குளோன் பெயர் நான்கும் ரிப்போர்ட்டில் இருக்கட்டும்.

ஃப்ளோக்காரன்

நோயாளியோட சாம்பிளை ஓட்டும்போது கேட்டை சிடி42ஏ-ல போடுங்க. சிடி41, சிடி61 ரெண்டுமே இல்லாத ஆளை சிடி61ல கேட் பண்ணினா கேட்டுக்குள்ள ஒன்னும் விழாது. தட்டணுவே இல்லைன்னு கருவி சொல்லும்.